மூடி வைத்த இரண்டாம் கருவி

சூரியனின் புற ஊதாக் கதிர் அதன் சுழற்சியோடு எவ்வளவு கூடிக் குறைகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. குமரி எல்லையை ஒட்டிய வெள்ளறடையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து செயற்கைக்கோள் அனுப்பிய எண்களோடு மல்லுக்கட்டுகிறேன். பதினோரு ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்குவதைக் கவனிக்கிறவளுக்குப் பொறுமை அதிகம் என்று ஊரில் நினைக்கிறார்கள். எனக்குப் பொறுமையும் இல்லை, தைரியமும் இல்லை.

எந்தக் கதிரை அளக்கிறோமோ அதுவே கருவியையும் கெடுத்துவிடும். எண் குறைந்தால் மங்கியது சூரியனா கருவியா என்று தெரியாது. அதனால் ஒரே மாதிரி இரண்டு கருவிகள். ஒன்று தினமும் சூரியனைப் பார்க்கும். மற்றது மூடியே இருக்கும். அதை எப்போதாவது சில நிமிடம் திறந்து, முதலாவது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஒப்பிடுவோம். அதை நம்பித்தான் சூரியனின் இறக்கத்தைக் கணக்கிட்டு வெளியிட்டேன். ஓசோனை ஆராயும் ஒரு குழு என் எண்ணைக் கேட்டு வாங்கியது.

ஆனால் சூரியன் கொந்தளித்த ஆண்டுகளில் எங்களுக்கு ஆசை பிடித்துவிட்டது. ஒவ்வொரு வெடிப்புக்கும் 'இதையும் பார்த்துவிடுவோம்' என்று மூடியதையும் திறக்கச் சொன்னோம். அதிகம் கேட்டது நானேதான். கணக்குப் போடும்போது மட்டும், திட்டத்தில் எழுதியபடி அபூர்வமாகத் திறந்ததாக எடுத்துக்கொண்டேன். திறக்கத் திறக்க மூடி வைத்ததும் கெட்டிருக்கும்; வேலியே பயிரை மேய்ந்திருந்தது. சந்தேகம் வந்த பிறகும், அதைத் திறந்த நேரங்களின் பதிவேட்டைத் தொடப் பயம். எங்கள் கருவிக் குழுவின் கூட்டத்துக்கு முந்தின மத்தியானம்தான் திறந்திருந்த நேரத்தைக் கூட்டினேன். சூரியனின் இறக்கம் என்று நான் சொன்னதில் பாதி, கருவிகள் கெட்டதால் வந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கணவர் மரச்சீனிக் கிழங்குத் தட்டை வைத்துவிட்டு, என் பயந்த முகத்தைப் பார்த்துக் கேட்டார். "என்னத்துக்கு இப்பிடிப் பேடிச்சுட்டு இருக்க?"

"நாளைக்கு எல்லாருக்க முன்னாலயும் சொல்லணும். சொன்னா இனி எனக்க கணக்க ஆரும் நம்பமாட்டாவ."

"சொல்லல்லேண்ணா?"

"ஆருக்கும் தெரியாது. கருவியே நின்னு போச்சு, இனி ஆரும் பதிவேட்ட நோக்கமாட்டாவ."

"அப்போ ஆருக்கும் தெரியாதுங்கதாக்கும் உனக்க பேடி," என்றார்.

மறுநாள் காலை கரண்ட் போய்விடாதா என்று ஏங்கினேன். தினமும் போகிற கரண்ட் அன்று பார்த்துப் போகவில்லை. கணினித் திரையில் எல்லா முகங்களுக்கும் முன்னால் சொல்லி முடித்தேன். குழுத் தலைவர் மெதுவாக, "எப்போது தெரிந்தது?" என்றார்.

நேற்று என்றால் பொய்யாகாது. நாக்கு நுனிவரை வந்தது.

"கணக்குப் போட்டது நேற்று. சந்தேகம் வந்து எட்டு மாதம் ஆகிறது."

கூட்டத்துக்கு வந்திருந்த ஓசோன் குழுவின் பெண் தன் குறிப்பேட்டைப் புரட்டினார். "உங்கள் எண்ணை நம்பி எடுக்கலாமா என்று நான் கேட்டு, நீங்கள் எடுக்கலாம் என்று சொல்லி ஆறு மாதம்தான் ஆகிறது," என்றார்.