தொங்கும்போது முறுக்கிய நட்டு

என் கணவர் கெங் சூனுக்கு இடது காது கேட்காது. மலேசியாவின் தைப்பிங்கில் முப்பது வருடமாகச் சொந்தப் பட்டறையில் கார்களுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர்; ஊருக்கே அவர் 'தவுக்கே', முதலாளி. "கடக் கடக்னு சத்தம் வருது தவுக்கே" என்று வருகிறவர்களிடம், "நான் கேட்டு என்ன ஆவப்போவுது, கைய வச்சுப் பாக்கறேன்" என்பார்.

அந்தப் புதன்கிழமை லைலா டீச்சர் தன் பழைய காரில் கணவர் டஹ்லானை ஏற்றிக்கொண்டு வந்தார். டஹ்லானுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முதுகெலும்பும் தேய்ந்துபோனவர். வேகத்தடை ஒவ்வொன்றிலும் உயிர் போய் வருகிறது, இனி டயாலிசிஸுக்குப் போகவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். போகாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை மறுநாள் காலை.

"பெருநாளுக்கு முன்னாடிதானே கீழ ரப்பர் புஷ் மாத்துனீங்க? மூணு மாசம்கூட ஆவல" என்றார் டீச்சர்.

"கார மாத்துன்னு சொன்னா, உங்கள மாத்திடுவேங்கறா" என்றார் டஹ்லான்.

கெங் சூன் காரின் முன்பக்கத்தை அழுத்தி விட்டார். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டது, அதிர்வு தாங்கும் அப்சார்பரில் குறையில்லை. சக்கரத்தை உலுக்கினார், ஆடவில்லை.

"எப்ப இடிக்குது அண்ணே? ஏறும்போதா, எறங்கும்போதா?"

"எறங்கறப்ப. இடது பக்கம். கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்."

காரை மேலே தூக்கி, கம்பியால் நெம்பி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் பொருத்திய ரப்பர் புஷ் வட்டமாகக் கிழிந்திருந்தது.

பட்டறையில் கூடவே இருக்கிற எனக்கும் புரிந்துவிட்டது. அன்று பெருநாள் நெருக்கடியில் வாசல்வரை கார்கள். தூக்கிய காரில் சக்கரம் தொங்கும்போதே நட்டை முறுக்கிவிட்டால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் திருகிக்கொண்டே கிடக்கும், குழிக்குக் குழி கிழியும். சாமான் மட்டம் என்று சொல்லியிருக்கலாம், டீச்சர் நம்பியிருப்பார். நானே அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தப்பு என்னுது டீச்சர். அவசரத்துல தொங்கவிட்டே முறுக்கிட்டேன்" என்றார் கெங் சூன்.

டீச்சர் டஹ்லானைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு மாசமா என் முதுகுலதான் முறுக்கியிருக்க!" என்றார் டஹ்லான்.

இரண்டு பக்கமும் புதிது போட்டார். நட்டுகளை இறுக்காமல் காரை இறக்கி, தான் உள்ளே நின்று வேலை செய்யும் பள்ளத்தின்மேல் நிறுத்தச் சொன்னார். "ரெண்டு பேரும் உங்க உங்க எடத்துல உக்காருங்க. உங்க எடையோட முறுக்கறேன்."

"எனக்கு ஏதுய்யா எடை?" என்றபடியே டஹ்லான் ஏறினார்.

பிறகு டீச்சர் ஓட்ட, சந்தை ரோட்டின் மூன்று வேகத்தடைகள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதைத் தாண்டியபோது, கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்த டஹ்லானின் கை தளர்ந்தது.

"வலிக்குது. ஆனா இடிக்கல."

டீச்சர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்குக் காலைல ஆறரைக்குக் கெளம்பணும்."

"ஏழுக்குக் கெளம்புனா போதும்" என்றார் டஹ்லான்.