தலையாட்டும் யானை

"கிளட்ச்ச படார்னு விடாதீங்கம்மா. தூங்குற குழந்தைய தொட்டில்ல போட்டுட்டு கைய எடுப்போமே, அப்படி எடுங்க."

கூடத்தில் கணவன் பாண்டியனின் போனிலிருந்து அந்தக் குரல் வந்ததும், அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த மதிவதனியின் கை நின்றுவிட்டது. வார்த்தை அவளுடையது. குரல் நடராசனுடையது.

"தெரியாம வந்துடுச்சு மதி. நிறுத்திடட்டுமா?" என்றான் பாண்டியன்.

"ஓடட்டும். கேக்கக் கேக்கத்தான் எனக்குக் கோவம் ஆறாம இருக்கும்."

விருத்தாசலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவன் நடராசன். அங்கே பெண்களுக்குப் பாடம் சொன்னவள் மதிவதனி. காருக்குள் போனை மாட்டி, ஓட்டிக்கொண்டே பேசி, முதன்முதலில் வீடியோ எடுத்தவளும் அவள்தான். அதை நடராசன் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டிச் சிரித்தான். "மாவு மில்லுல மாட்டிக்கிட்ட பூனை கத்துற மாதிரி இருக்குது. இதெல்லாம் ஒரு குரலா?" பிறகு அவள் குரலை அழித்துவிட்டு, அவள் சொன்னதையே வரி பிசகாமல் தன் குரலில் பேசிச் சேர்த்தான். ஊர் அவனைக் கொண்டாடியது. அன்று வேலையை விட்டவள் வீடு வரும்வரை அழவில்லை. வந்தபின் அழுது தீர்த்து, முகம் கழுவிக்கொண்டு சொன்னாள்: "இந்தக் குரலத் தேடி அந்த ஆளு என் வாசலுக்கு வரணும்."

சொந்தமாக வீடியோ எடுக்கப் பழைய கார் ஒன்று வாங்கினார்கள். ஆனால் எப்படிப் பேசினாலும் கடகடவென்று ஒரு சத்தம் கூடவே வந்தது. கல்யாண வீடியோக்காரரிடம் விலையுயர்ந்த மைக்கை இரவல் வாங்கிப் பார்த்தாள். அதில் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. கருவேப்பிலங்குறிச்சி சாலையில் வண்டியை ஓரங்கட்டி, மனம் வெறுத்து டாஷ்போர்டில் கையை ஊன்றினாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அவள் உள்ளங்கைக்குக் கீழே இரண்டு பீங்கான் கிளிகள்.

பீங்கான் சூளையில் வேலை செய்கிற சொந்தக்காரர்கள் இல்லாத வீடு இந்த ஊரில் குறைவு. யார் கார் வாங்கினாலும் டாஷ்போர்டில் வைக்க ஒரு பொம்மை வந்துவிடும். அது ஆடுகிற சத்தத்திலேயே ஓட்டிப் பழகியவர்கள் காதுக்கு அது கேட்பதே இல்லை.

கிளிகள் அலமாரிக்குப் போயின. சட்டையில் மாட்டுகிற மலிவான மைக் ஒன்று போதுமானதாக இருந்தது. தான் வேலை செய்யும் சூளையில் கோப்பைகளைச் சுற்றி அனுப்பும் மெல்லிய நுரைத்தாளில் பாண்டியன் ஒரு துண்டு கொண்டுவந்தான். அதை மைக்கில் சுற்றி, சீட் பெல்ட் உரசாத இடத்தில் முந்தானைக்குள் குத்திக்கொண்டாள். கண்ணாடியை ஏற்றி, பேசும்போது ஏசியைக் குறைத்தாள். இப்போது அவள் வீடியோக்களைப் பார்த்து ஸ்ரீமுஷ்ணத்துப் பெண்கள் எழுதுகிறார்கள்: 'பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்குது அக்கா.'

பாண்டியன் போனில் அந்த வீடியோ முடிந்த நேரம், வாசலில் கார் வந்து நின்றது. நடராசன் இறங்கினான். மதிவதனி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"வாங்க சார்."

"பழச மனசுல வச்சுக்காத மதி. இப்பல்லாம் கத்துக்குற பொண்ணுங்களோட கேள்வி பதில கார்லயே எடுக்குறேன். ஏதோ கடகடங்குது. மெக்கானிக்கு கழட்டிப் போட்டும் பாத்துட்டான். உன்னுது மட்டும் எப்படிச் சுத்தமா இருக்குது?"

திறந்திருந்த கதவு வழியே அவன் காரைப் பார்த்தாள். டாஷ்போர்டில் தலையாட்டும் பீங்கான் யானை. பள்ளித் திறப்புவிழாவுக்குப் பாண்டியன் தன் கையால் செய்து கொடுத்தது.

"சொல்றேன் சார். பழைய பாடமெல்லாம் மதிவதனி சொன்னதுன்னு உங்க வாயால ஒரு வீடியோவுல சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

நடராசன் சிரித்தான். "நல்லா இருக்குதே கத. எங்கிட்ட வேல பாத்தவ சொன்னதத்தான் நான் சொன்னேன்னா, நாலு பேரு என்னா நெனப்பான்?"

ஏதோ சொல்லப்போன பாண்டியனைக் கண்ணாலேயே அடக்கினாள். அவள் குரல் தேனாக வந்தது.

"அப்ப பெரிய மைக்கா வாங்குங்க சார். கல்யாண வீடியோக்காரங்க வச்சிருக்காங்களே, அது. துளி சத்தத்தக்கூட வுடாது."

"பாத்தியா, கேட்டதும் சொல்லிட்ட. இதான் மதி. போயிட்டு வரேன்."

"வாங்க சார்."

அவன் படியிறங்கியதும் பாண்டியன் முணுமுணுத்தான். "யானைய எடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது."

"என் வார்த்தைய அந்த ஆளு எடுத்துக்கிட்டது போதுங்க."

கார் கிளம்பியது. கண்ணாடிக்குப் பின்னால் யானை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே போனது. மதிவதனி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.