அரைத் தலையோடு ஒரு தீர்ப்பு

இங்கே வளைகுடாவில், சத்வா பகுதியில் எனக்கு முடிவெட்டுபவர் ராமநாதபுரத்துக்காரர். ஒல்லி உடம்பு, சாயம் பூசிய மீசை, எதிரில் யார் உட்கார்ந்தாலும் ஓர் இளக்காரப் பார்வை. பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனால் கத்தரியை மேலே தூக்கிக்கொள்வார். நாம் பதில் சொல்லாமல் அது இறங்காது.

அன்று விசாவுக்குப் போட்டோ எடுக்க வேண்டும். ஜும்மா தொழுகைக்கு ஸ்டுடியோவை மூடிவிடுவார்கள். இடது பக்கம் முடிந்ததும் கத்தரி நின்றது.

"சார், இந்தப் புதுப் பையன் அடிக்கிறதப் பாத்தா நம்ம பழைய ஜாம்பவானையே மிஞ்சிருவான் போலயே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னண்ணே பேசுறீங்க? இவன் ஆடுனது ரெண்டு சீசன். அவரு இருபது வருஷம் நின்னவரு."

"அப்படியா?" கத்தரியை வைத்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தார்.

கண்ணாடியில் பார்த்தேன். இடப்பக்கம் மேனேஜர், வலப்பக்கம் கரடி.

"சரிண்ணே, பையன்தான் பெரியவன். யல்லா, வெட்டுங்க!"

அவர் டீயை வைத்தார். "ச்சே, இவ்வளவுதானா சார் நீங்க? அவரு எங்க, இந்தப் பொடியன் எங்க! அரைத் தலை முடிக்காக அந்த மனுசனயே விட்டுட்டீங்களே!"

இப்போதும் அவரிடம்தான் தலையைக் கொடுக்கிறேன். கிரிக்கெட் சந்தேகங்களை மட்டும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுக்கொள்கிறார்.