அக்கா போடாத கையெழுத்து

அச்சகத்தில் என் அக்காவுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். லேபிள் மாதிரிகளில் பிழை தேடுவது அவள் வேலை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் ஓடும். பதினெட்டு வருடமாக ஒரு பிழை தப்பியதில்லை. அந்தக் கர்வத்தில் நான் எழுதும் மளிகைச் சீட்டைக்கூடத் திருத்துவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விற்கிற ஒவ்வொரு பொருளிலும் மறுசுழற்சிக் குறிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. பிளாஸ்டிக் எண்ணெய்ப் புட்டிகளில் ஒட்ட, அக்காவின் கையெழுத்தோடு நாற்பதாயிரம் பச்சை லேபிள் அடித்தார்கள். ‘கழுவி, மூடியைக் கழற்றிவிட்டுப் போடவும்.’

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மறந்திருப்பார்கள். இவளுக்குத் தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும். “நெசமாவே யாராவது மூடியக் கழட்டுறாங்களாடி?” என்று கேட்டுக்கேட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு குப்பை பிரிக்கும் கொட்டகைக்கே போய்விட்டாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

பாதிப் புட்டிகளில் மூடி இல்லை. “பாத்தியா, படிக்கிறாங்க!” என்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பச்சை லேபிள் ஒட்டியவை மட்டும் தனியாக ஒரு மூலையில் கிடந்தன.

“அதெல்லாம் ஏங்க அங்க கெடக்கு?”

“எரிக்கப் போகுதும்மா,” என்றார் பிரிக்கிற பெண்மணி. “நல்ல புட்டிதான். ஆனா அந்தப் பசை எவ்வளவு கழுவினாலும் போகல. மத்ததோட சேந்தா அதையும் கெடுத்துடும். எவன் ஒட்டினானோ, புண்ணியவான்!”

அக்கா ஒரு புட்டியை எடுத்து நகத்தால் சுரண்டினாள். தாள் அசையவில்லை. கேலி செய்ய வாயெடுத்த நான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். பாவமாக இருந்தது.

மறுநாள் அடுத்த ஐம்பதாயிரத்துக்கு மாதிரி வந்தது. அவள் தொடவில்லை. முதலாளியே எழுந்து வந்தார்.

“என்னம்மா, எழுத்துல தப்பு இருக்கா?”

“எழுத்து சரிதான் சார். பசைய மாத்துங்க.”

“அது உங்க வேலையா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் கையெழுத்து வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்.”

வேலை போய்விடுமே என்று நான் புலம்பினேன். அவளோ ஏழு விதப் பசை வாங்கிவந்து லேபிள் ஒட்டி, எங்கள் வீட்டு வாளிகளிலெல்லாம் புட்டிகளை ஊறவைத்தாள். குளிக்க வாளி இல்லை. ஆறு பசைகள் ஏமாற்றின.

வெள்ளிக்கிழமை காலை ஏழாவது பசை ஒட்டிய புட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினோம். அந்தப் பெண்மணி புட்டியைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் பச்சைத் தாள் கழன்று மேலே மிதந்தது.

“இது தேறும்,” என்று புட்டியை நல்ல குவியலில் எறிந்தார்.

“திரும்பி நில்லுடி,” என்றாள் அக்கா. நிமிரக்கூட விடாமல் கையோடு கொண்டுவந்திருந்த மாதிரித்தாளை என் முதுகில் வைத்து, அந்தப் பசையின் பெயரையும் எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டாள்.