சேர்வருக்கு விழுந்த அடி

வீட்டில் அடி வாங்கும் பெண்களின் வாக்குமூலங்களைப் பதிந்து பாதுகாப்பது எங்கள் செங்கலடி அலுவலகத்தின் வேலை. இன்று காலை அவர்களில் ஒருத்தியின் கணவன் கனத்த இரும்பு அலவாங்கோடு உள்ளே வந்தான்.

"எங்கடி கிடக்கு அவள் சொன்னதெல்லாம்?"

எனக்குச் சாதாரண நாளிலேயே சத்தம் வராது. மூலையில் இருந்த சேர்வர் கணினியைக் கையால் காட்டினேன்.

"எல்லாம் இதுக்குள்ளயா?"

"ஓம் அண்ணன்."

முதல் அடியில் மூடி பிளந்தது. பிறகு ஹார்ட் டிஸ்க்குகளை இழுத்துப்போட்டு, நொறுங்கும்வரை குத்தினான். தெறித்த சில்லு ஒன்று என் கன்னத்தைக் கிழித்தது. பக்கத்துக் கடைக்காரர்கள்தான் அவனை மடக்கிப் பொலிஸில் கொடுத்தார்கள்.

பொறுப்பாளர் அக்கா அழத் தொடங்கினார். "அடுத்த கிழமை வழக்குகா. மறுகா கோட்டில எதைக் காட்டுற?"

இன்னொரு பிரதியைக் காந்த நாடாவில் எடுத்து வேறு ஊரில் வைப்போம் என்று போன மாதம் எழுதிக் கொடுத்தேன். "நாடாவா? பாட்டுக் கேக்கவாகா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர் அவர். நாடா அப்போதே அந்த ஊருக்குப் போய்விட்டது; அவர்தான் மறந்துவிட்டார்.

மாலையில் அங்கே போய் அந்த நாடாவை ஓடவிட்டோம். அந்தப் பெண்ணின் குரல் முழுதாக வந்தது. நாடா இருக்கும் ஊர் எது என்று இங்கே சொல்லமாட்டேன்.

நாடாவைத் தெரிவுசெய்தபோது ஆபத்துகளைப் பட்டியல் போட்டிருந்தேன்: உப்புக்காற்று, வெள்ளம், இடி, எறும்பு.

அலவாங்கை இன்று சேர்த்துவிட்டேன். வேறு எதை விட்டிருக்கிறேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.