சாமராஜநகருக்குப் போன முகம்

என் மாமாவுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று அவர் கழுத்துக்கு மேலே இருந்தது. இன்னொன்று சாமராஜநகரில், அவருக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் வீட்டில், கெட்டி அட்டையில் ஒட்டிய போட்டோவாக இருந்தது. முதல் முகத்தை நாற்பத்தெட்டு நாட்களுக்குள் இரண்டாவது முகமாக மாற்றிவிடுவது என்று அம்மா தீர்மானித்தாள். அம்மா ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் மைசூர் சமஸ்தானத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். ஏழு வயதில் பெரியம்மை போட்டுப் பிழைத்தவர் என்பதால் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பள்ளங்கள். சர்வே ஆபீசில் டிராப்ட்ஸ்மேன் வேலை. நிலத்தின் மேடுபள்ளங்களை மயிரிழை பிசகாமல் காகிதத்தில் இறக்குவதுதான் அவர் உத்தியோகம். "மச்சான் மூஞ்சியை வரையறதுன்னா ரெண்டு ஷீட்டு வேணும்" என்பார் அப்பா. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிப்பது மாமாதான்.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள், படம் பிடித்த கண்ணாடித் தகட்டின் மேல் கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டு, முகத்தில் உள்ள குறைகளை மூடிவிடுவார்கள். அதற்கு 'டச்சிங்' என்று பெயர். யாரும் கேட்க வேண்டியதில்லை. செய்யாமல் விட்டால்தான் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். பெண் வீட்டுக்கு அனுப்ப எடுத்த போட்டோவில் ஸ்டூடியோக்காரர் தன் வித்தை முழுவதையும் காட்டியிருந்தார். மாமா அதில் உரித்த முட்டை போல இருந்தார். அவர் பார்ப்பதற்கு முன்பே அம்மா ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பிவிட்டாள். பெண் வீட்டாருக்குப் பிடித்துப்போயிற்று. அம்மாவும் அப்பாவும் போய்ப் பெண்ணைப் பார்த்து, தட்டு மாற்றிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை கூடப் போகும் வழக்கமும், பெண் வீட்டார் முன்கூட்டி வந்து மாப்பிள்ளையைப் பார்க்கும் வழக்கமும் எங்களில் இல்லை.

வீட்டில் மிச்சமிருந்த பிரதியை மாமா அப்புறம்தான் பார்த்தார்.

"யாரு அக்கா இது?"

"நீதான்டா."

"நான் எங்கே இருக்கேன் இதுல?"

"கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மண்டலம் இருக்கில்ல? ஆயிடுவே" என்றாள் அம்மா. மறுநாளே பண்டிதரை வரவழைத்துவிட்டாள்.

பண்டிதர் கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகி ஒரு தினுசான தமிழ் பேசுவார். மாமாவின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, தேங்காய் வாங்குகிறவர் போலத் தட்டிப் பார்த்தார். "நோடி அம்மா, நிறம் தெளியும். பள்ளம் போகாது. தோலுதான் மருந்து சொன்னா கேட்கும், பள்ளம் கேட்காது" என்றார். அம்மா இதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். நானும் அப்படித்தான்.

பிற்காலத்தில் நான் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். விதிகளோடேயே வாழ்ந்து ஓய்வு பெற்றவள். ஆனாலும் பண்டிதர் அன்று சொன்னவை போல ஓட்டை இல்லாத விதிகளை நான் சர்க்காரில் கண்டதில்லை. முதலில் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். மூன்று நாள் மாமா விளக்கெண்ணெய் குடித்துவிட்டுக் கொல்லைப்புறத்துக்கும் கூடத்துக்குமாக நடந்தார். புளி, கத்தரிக்காய், கருவாடு ஆகாது. புதனும் சனியும் எண்ணெய்க் குளியல். படுக்கும் முன் குங்குமாதி தைலம் நாலு சொட்டு, கன்னத்தில் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து கீழே தேய்த்தால் முகம் தொங்கிவிடுமாம். இதெல்லாம் முன்னுரைதான். முக்கியமானது காலையில் போடும் லேபம்.

தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சிட்டி, கோஷ்டம், வெள்ளிலோத்திரம், ஆலமரத்தின் இளம் விழுது, இவற்றோடு ஆட்டுப்பாலில் ஊறவைத்த மைசூர்ப் பருப்பு. (அந்தப் பருப்பை அப்படிச் சொன்னால் மைசூரில் ஒருவருக்கும் புரியாது.) எல்லாவற்றையும் அம்மா அம்மியில் மையாக அரைத்து, அதோடு செஞ்சந்தனத்தைக் கல்லில் இழைத்துச் சேர்ப்பாள். ஒரு விரலில் கால்வாசி கனத்துக்கு முகம் முழுவதும் பூச வேண்டும். பூசியது ஈரமாக இருக்கும்போதே நனைத்து எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் தோலின் பசையை அது இழுத்துக்கொள்ளும். போட்டதற்குப் போடாமலே இருந்திருக்கலாம்.

லேபம் முகத்தில் இருக்கும்வரை பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. வெயிலும் அடுப்புச் சூடும் படக் கூடாது. கோபம் கூடாது. இதைச் சொல்லும்போது பண்டிதர் ஒரு விரலை உயர்த்தினார்: துக்கம் கூடவே கூடாது. "மனசிலே துக்கம் இருந்தா மருந்து தோலுக்குள்ளே போகாது. எல்லாம் வேஸ்ட்டு."

இந்த விதிகள் அமலாவதைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி நான். எனக்குப் பத்து வயது. அந்த வயதில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் உத்தியோகம் அது. அதற்குப் பிறகு வகித்த எந்தப் பதவியிலும் எனக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்ததில்லை. பள்ளிக்கூடம் போகும் முன் மாமாவுக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து, லேபத்தின் ஓரத்தை அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்ப்பேன். வாயாடியான மாமா பேச முடியாமல் என் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். 'மூக்கு அரிக்கிறது.' 'உங்கப்பனைப் போகச் சொல்.' இரண்டாவது, அப்பா அந்தப் பக்கமாக வந்து நின்றுகொண்டு, "ஏன் மச்சான், இட்லி வெந்துருச்சா, குத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்கும்போது எழுதுவது. "அப்பா, மாமாவைச் சிரிக்க வைக்காதீங்க!" என்று நான் கத்துவேன். அப்பா சலாம் போட்டுவிட்டுப் போவார்.

மருந்து வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருபது நாளில் மாமாவின் நிறம் தெளிந்தது. தோல் மினுமினுத்தது. மழை விட்ட பிறகு ரோட்டில் குழிகள் எடுப்பாகத் தெரியுமே, அதைப்போல ஒவ்வொரு பள்ளமும் துலக்கமாகத் தெரிந்தது. அம்மா அரைப்பதை இரட்டிப்பாக்கினாள்.

இருபத்தேழாவது நாள் காலையில் மாமா லேபத்தோடு உட்கார்ந்திருந்தபோது அந்தப் போட்டோவைக் கொண்டுவரச் சொல்லி எழுதினார். கொண்டுவந்தேன். அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"மாமா, காயுது."

அவர் அசையவில்லை.

"மாமா, எடுக்கணும். காயுது மாமா!"

லேபம் வெளுத்தது. கன்னத்தில் ஒரு கோடு விட்டது. பிறகு நெற்றியில். கோடை ஏரியின் களிமண் போல முகம் முழுக்க வெடித்தது. மாமா சிலேட்டை எடுத்து நிதானமாக எழுதினார்: 'அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லையே?'

"எதை?" என்றேன்.

அவர் அதை அழித்துவிட்டு, எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

அன்று ஆபீசுக்குப் போகும் வழியில் அவர் ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். இரண்டு நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விலாசம் எழுதித் தபால் தலை ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்டூடியோவில் போட்டோவை வாங்கி, இதில் வைத்து ஒட்டி, தபால் பெட்டியில் போட வேண்டும். "உங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம். நீ பெரிய மனுஷி, உன்னை நம்பித்தான் தர்றேன்."

உறை திறந்திருந்தது. பெரிய மனுஷி படித்துப் பார்த்தேன். பெண்ணின் அப்பாவுக்கு எழுதியிருந்தார். 'இத்துடன் என் போட்டோ வைத்திருக்கிறேன். தயவு செய்து இதைத் தங்கள் பெண்ணிடமே காட்டவும். இந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு இஷ்டமில்லை என்றால் ஒரு வரி எழுதினால் போதும். எனக்கு அதில் வருத்தம் இராது.' கடைசி வரி பொய் என்பது எனக்கே தெரிந்தது.

ஸ்டூடியோக்காரர் படத்தைக் கொடுக்கும்போதே முகத்தைச் சுளித்தார். "என்மேல தப்பு இல்ல பாப்பா. பென்சில் படவே கூடாதுன்னுட்டாரு உங்க மாமா. வெளிச்சம் பக்கவாட்டுல வரணும்னு வேற பிடிவாதம்."

மேட்டையும் பள்ளத்தையும் காட்ட வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும் என்பது டிராப்ட்ஸ்மேனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு நிழல் இருந்தது. நேரில் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. சாமராஜநகரிலிருந்து அந்த ஒரு வரி வரப்போவது உறுதி என்று நினைத்தேன். வந்தால் மாமாவுக்குத் துக்கம் வரும். துக்கம் வந்தால் மருந்து தோலுக்குள் போகாது. பாக்கியிருப்பதோ பத்தொன்பது நாள். விதி மிகவும் தெளிவாக இருந்தது.

"முன்னே மாதிரி பண்ணித் தர முடியாதா?" என்றேன்.

"பண்ணலாம். உங்க மாமா?"

"மாமாதான் சொல்லச் சொன்னார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதானே! கல்யாணப் போட்டோவை யாராவது இப்படி அனுப்புவாங்களா? நாளைக்குச் சாயந்திரம் வா."

மறுநாள் போனேன். மாமா மறுபடியும் உரித்த முட்டையாக இருந்தார். அதை உறையில் வைத்து ஒட்டி, பெட்டியில் போட்டேன். பென்சில் படாத படத்தை என் கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒளித்து வைத்தேன்.

பதில் வருவதற்குப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் மாமா சிலேட்டில் ஒன்றும் எழுதவில்லை. கார்டு வந்ததும் கூடத்தின் நடுவில் நின்று படித்தார். 'தாங்கள் அனுப்பிய போட்டோவைப் பெண்ணிடம் காட்டினோம். அவளுக்குப் பூரண சம்மதம்.' இன்னொரு தடவை படித்தார். பிறகு, லேபம் போட்டிருந்த முகத்தோடு, விதிகள் அத்தனையையும் மீறி வாய்விட்டுச் சிரித்தார். அரைத்தது திட்டுத் திட்டாகத் தரையில் விழுந்தது. "டேய், சிரிக்காதேடா, கெட்டுப்போகும்டா!" என்று அம்மா ஓடிவந்தாள்.

"அரைச்சது போதும்க்கா. வேலை முடிஞ்சுது" என்றார் மாமா.

அம்மா விடுவாளா? மண்டலம் முழுவதும் அரைத்தாள். மாமாவும் அவளுக்காக உட்கார்ந்தார். நான் என் நிர்வாகத் திறமையை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் சாமராஜநகரில், பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டு. நாங்கள் வண்டியிலிருந்து இறங்கியபோது பெண்ணின் அப்பா மாலையோடு வந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் மாலை அவர் கையில் ஒரு முறை தாழ்ந்தது. பந்தல் நிறைய உறவுக்காரர்கள். அவர் இருமிவிட்டு, மாலையைப் போட்டார்.

முகூர்த்தத்துக்கு முன் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இருவர் கையிலும் சீரகமும் வெல்லமும் இருக்கும். திரையை இறக்கியதும் ஒருவரையொருவர் பார்த்து, தலையில் போட வேண்டும். நான் மாமாவின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். திரை இறங்கியது. பெண் நிமிர்ந்தாள். உயர்ந்த கை பாதியில் நின்றது. மாமா அவசரப்படவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்பதுபோல முகத்தை அவளுக்கு நேராகக் காட்டிக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிக் கூச்சமே இல்லாமல் ஒருவரைப் பார்த்துச் சிரித்து அதற்கு முன்பு நான் கண்டதில்லை. அவள் விரலிடுக்கில் வெல்லம் இளகி வழிந்தது. "போடும்மா, நேரமாகுது" என்றார் புரோகிதர். அவள் போட்டாள்.

பந்தியில் மாமா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மூஞ்சியை மறைச்சுக் கட்டின கல்யாணமில்லைங்க இது. உள்ளது உள்ளபடி போட்டோ அனுப்பிக் கேட்டேன். பார்த்துட்டுத்தான் சம்மதம்னு சொன்னா." பக்கத்து இலையில் புது மாமியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். திரை இறங்கியபோது பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிட்டாள்.

மைசூருக்கு வந்த நான்காம் நாள் மாமி எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்கண்ணு, அந்த ரெண்டாவது போட்டோவைத் தபால்ல போட்டது ஆரு?"

"நான்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். அதோடு நிற்காமல், புத்தக அட்டைக்குள்ளிருந்து ஒளித்து வைத்த படத்தையும் எடுத்துக் கொடுத்து, நடந்த எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் இருந்த அந்த முகத்தை மாமி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னல் பாதியில் நின்றது.

"இதை மாமாகிட்டச் சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே. எப்பவுமே சொல்லக் கூடாது."

எனக்கு அடி விழாமல் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து, மாமியை எனக்கு அந்த நிமிஷத்திலிருந்தே ரொம்பப் பிடித்துவிட்டது. படத்தைத் தன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பின்னலை முடித்தாள்.

பிறகு நான் உத்தியோகத்துக்குப் போய், 'அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று ஆயிரக்கணக்கான நகல்களில் கையெழுத்துப் போட்டேன். ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

மாமா அந்தக் கதையை விடவே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், எந்தப் பேச்சையும் எப்படியாவது வளைத்து, "இந்த மூஞ்சியைப் பார்த்துட்டு வேணும்னு சொன்னவ" என்பதில் கொண்டுவந்து நிறுத்துவார். அவர் அதை ஆரம்பித்ததுமே மாமி எழுந்து காப்பி கலக்க உள்ளே போய்விடுவாள். வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.