புண்ணின் ஓரத்தில் நடந்த வேலை

ஜெயா, அந்தோணி, என் காலைப் பற்றி நீங்கள் கேட்டதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். ஆறாத புண்ணோடு இருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும்.

சாக்கோட்டைப் பாதையில் இருக்கும் நம் பஞ்சர் கடையில், லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் என் கணுக்காலில் விழுந்தது. தோல் பிய்ந்தும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் முதல் அறிகுறி. சர்க்கரை நோயால் நரம்பு மரத்திருந்தது.

மாதங்கள் போயின. புண் மூடவில்லை.

"எலும்பு வரைக்கும் போயிருச்சுன்னா பாதத்தை எடுக்க வேண்டி வரும். மாத்திரை ஒழுங்காப் போடுறீகளா?" என்றார் டாக்டரம்மா.

"போடுறேன்மா. தினமும் நல்லாத் தேச்சுக் கழுவுறேன்" என்றேன். கழுவுவதை மட்டும் காதில் வாங்கினார் போல; தேய்ப்பதை விட்டுவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் அருள் மாமா சென்னையிலிருந்து வந்தார். கணக்கில் ஆராய்ச்சி செய்பவர். குழாயடியில் நான் உடம்பு தேய்க்கும் காய்ந்த பீர்க்கங்கூட்டால் புண்ணின் ஓரத்தைத் தேய்ப்பதைப் பார்த்து அலறினார்.

"அத்தான்! என்ன செய்றீக?"

"ஓரத்தைச் சுரண்டாம எந்த ட்யூப்ல மாப்ள ஒட்டுப் பிடிச்சிருக்கு?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். உங்கள் அம்மா, "சிரிக்காதடா. இம்புட்டு நாளா நானும்ல சோப்பு எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

மாமா சாக்கட்டியால் தரையில் ஒரு வட்டமும் அதற்குள் இன்னொரு வட்டமும் போட்டார்.

"ஒத்தைச் செல்லுல (உடம்பைக் கட்டியிருக்கும் நுண்ணிய அறை) ஓட்டை விழுந்தாலும் அதுவே மூடிக்கிரும் அத்தான். புரதங்க (செல்லுக்குள் வேலை செய்யும் பொருள்கள்) ஓட்டையைச் சுத்தி வளையமாக் கூடும். ஒண்ணு 'இழு'ங்கும், ஒண்ணு 'போதும்'ங்கும். சுருக்குப்பை மாதிரி ஓட்டை சுருங்கும். எது எங்க எப்பக் கூடுது, எப்பக் குறையுதுன்னுதான் நான் கணக்குப் போடுறேன்."

"கணக்குப் படிச்சவனுக்குப் புண்ணுல என்ன வேலை?"

"எனக்கு ஒத்தைச் செல்லுதான் தெரியும். உங்க புண்ணுல கோடிச் செல்லு. அங்கயும் புதுத்தோல் ஓரத்துல இருந்துதான் வரணும். வர வர நீங்க சுரண்டிப் போடுறீக! டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

சொன்னோம். டாக்டரம்மா பீர்க்கங்கூட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். "இனி இதைப் புண்ணுகிட்டக் கொண்டு போனீக, காலை விட்டுட்டுக் கையை எடுத்துருவேன்." நர்ஸே கட்டு மாற்றினார். நான் தொடவில்லை; கடையையும் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

ஒருநாள் கட்டைப் பிரித்தபோது, ஓரத்தில் வெங்காயத் தோல் போல ஒரு மெல்லிய சவ்வு. ஜெயா, நீதான் முதலில் பார்த்தாய். "அப்பா, வளையம்!" என்று கத்தினாய். ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

ஈஸ்டருக்குள் புண் மூடியது. அம்மா பால்பணியாரம் செய்தாள். எனக்கு ஒன்று, மீதி உங்கள் வயிற்றுக்குள்.

முன்பெல்லாம் சும்மா உட்கார்ந்தால் பொழுது வீணாகிறதே என்று அரிக்கும். இப்போது அப்படியில்லை. நான் கை கட்டி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் உடம்பு பெரிய வேலையைச் செய்து முடித்தது.

மறுபடி கடை திறந்த அன்று, யாரும் வரும் முன், பஞ்சருக்குப் போடுவது போலத் தழும்பைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன். ட்யூப் சோதிக்கும் தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். காலை உள்ளே அமிழ்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

ஒரு குமிழிகூட வரவில்லை.